புது சாஃப்ட்வேர் வந்தாயிற்று, பழைய ஆட்களை அனுப்பிவிடலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 32. அப்பா 1994-ல் ஆறு தையல் மெஷினோடு தொடங்கிய பனியன் கம்பெனி, இன்று 140 பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனம். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்திருக்கிறது. நூல் வாங்குவதிலிருந்து கன்டெய்னர் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க, இன்டர்நெட்டில் இயங்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார்.

இரண்டு மாதம் ஆகியும் மூன்று பேர் அதற்குள் வரவில்லை. ஒருவர் 28 வருடமாகக் கணக்கு பார்க்கும் 57 வயதுக்காரர், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பழகியவர். இன்னொருவர் ஃபேப்ரிக் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். வயது 55, எட்டாவது வரை படித்தவர். மூன்றாவது, டெஸ்பாட்சில் பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் போடும் 52 வயது அக்கா. சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் கான்ஃபரன்ஸ் ஹாலில் புரொஜக்டர் வைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறமும் கணக்கர் போடும் என்ட்ரி பாதியில் காணாமல் போகிறது. கேட்டால் “சிஸ்டம் முழுங்கிடுச்சு தம்பி” என்கிறார். ஸ்டோர்க்காரர் இன்னமும் நோட்டில் எழுதி, சாயங்காலம் ஒரு பையனிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்கிறார். அக்கா எதைக் கேட்டாலும் “நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி” என்கிறார். பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவுப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மூன்று பேரிடமும் ராஜினாமா எழுதி வாங்கி, ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டால் சட்டச் சிக்கலே வராது என்று ஓர் ஆலோசகர் சொல்லியிருக்கிறாராம். வாசகர் கேட்கிறார்: “ஐம்பதைத் தாண்டினால் மூளையில் புதுசு ஏறாது என்பது உண்மைதானே? அல்லது வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறார்களா? அந்தக் கணக்கர்தான் என்னை டி.வி.எஸ். 50-ல் முன்னால் நிறுத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அப்பா தினமும் ராத்திரி அவரைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அனுப்பினால் நான் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா?”

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நன்றியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பாசத்துக்காகத்தான் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், 28 வருடம் உழைத்த மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவரால் கம்பெனிக்கு என்ன பயன், அந்தப் பயன் புது சாஃப்ட்வேருக்குள் வர என்ன தடை என்று மட்டும் பார்ப்போம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த மூன்று பேரில் யாருக்கும் கற்கும் சக்தி போய்விட்டது என்பதற்கு அதில் ஒரு சான்றும் இல்லை. மூன்று பேருக்கும் மூன்று வேறு வேறு தடை இருக்கிறது. அதை ‘வயசு’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டீர்கள்.

ஐம்பதுக்கு மேல் ஏறாதா?

ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் மனிதனின் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முன்பின் பார்த்திராத ஒரு புதிரை அந்த இடத்திலேயே யோசித்து அவிழ்க்கும் திறன் ஒன்று. வருடக்கணக்காகச் சேர்ந்த சொல், அனுபவம், தொழில் ஞானம் இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சத்தில் இருந்து வயதோடு குறைகிறது. இரண்டாவது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அப்படியே நிற்கிறது. பலருக்கு வளரவும் செய்கிறது. ஆகவே 24 வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும் திரை, 57 வயதுக்காரருக்கு இரண்டு மணி நேரம் கேட்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் மெதுவாக ஏறும் என்பது வேறு, ஏறவே ஏறாது என்பது வேறு.

உங்கள் கணக்கரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் தமிழ்நாட்டுக்கு வாட் வரி வந்தபோது அவர் அந்த நாற்காலியில் இருந்தார். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, அடுத்த வருடம் சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் வந்தது. அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இ-இன்வாய்ஸைக் கட்டாயமாக்கும் வருட விற்றுமுதல் வரம்பு 2022-ல் 20 கோடி, பிறகு 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறங்கி உங்களைப் போன்ற கம்பெனிகளைத் தொட்டபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். இருபதாம் தேதி ராத்திரி போர்ட்டல் திணறும்போதெல்லாம் உட்கார்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்தது யார்? அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அவருக்கு யாரும் புரொஜக்டர் போட்டுக் காட்டவில்லை. கையில் நிஜ பில், முன்னால் கடைசித் தேதி, ஆடிட்டர் ஆபீஸில் தெரிந்த ஒருவரின் போன் நம்பர், பக்கத்துக் கம்பெனிக் கணக்கரிடம் ஒரு டீயோடு நாலு கேள்வி. இப்படித்தான் கற்றிருப்பார். இந்த வயதுக்காரர்கள் நன்றாகக் கற்கும் வழி இதுதான்.

உங்கள் இரண்டு நாள் பயிற்சியில் இதில் ஒன்றுகூட இல்லை. 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து, அதில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதைக் கண்டார். ‘வொர்க்ஃப்ளோ’, ‘டாஷ்போர்டு’, ‘மாஸ்டர் சிங்க்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு நாள் கேட்டது ஸ்டோர்க்காரருக்கு அர்த்தமில்லாத அசைகளாகத்தான் இருந்திருக்கும். அதை வைத்து அவருடைய மூளையை அளக்காதீர்கள்.

‘சிஸ்டம் முழுங்கிடுச்சு’ என்றால் என்ன

சில வருடங்களுக்கு முன் ஒரு நூல் மில்லில் இதே புகார். என்ட்ரி காணாமல் போகிறது, கணக்கர் பொய் சொல்கிறார் என்று நிர்வாகம் முடிவே கட்டிவிட்டது. நான் அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். சப்ளையர் பெயர், தொகை, பேங்க் எல்லாம் போட்டுவிட்டு, அடுத்த பேமென்ட்டுக்குப் போக இடது கை தானாக மேலே போய் எஃப்5-ஐத் தட்டியது. திரை ஒரு கணம் வெளுத்தது. போட்டதெல்லாம் போய்விட்டது.

டேலி பழகியவர்களுக்கு இது உடனே புரியும். அதில் எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இருபது வருடம் டேலியில் உழன்றவர் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை, விரல் பாட்டுக்குப் போகும். ஆனால் இன்டர்நெட் பிரவுசரில் எஃப்5 என்றால் பக்கத்தைப் புதிதாக ஏற்று என்று அர்த்தம். சேமிக்காததெல்லாம் அழிந்துபோகும். என்ட்டர் கீயும் அப்படித்தான். டேலியில் என்ட்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரவுசரில் பல படிவங்களில், பாதி நிரப்பிய படிவம் அப்படியே சமர்ப்பிக்கப்பட்டுவிடும். கன்ட்ரோல்-ஏ தட்டினால் டேலியில் வவுச்சர் ஏற்றுக்கொள்ளப்படும். இங்கே கட்டத்தில் இருப்பது மொத்தமும் நீலமாகி, அடுத்த எழுத்தைத் தட்டியதும் அழிந்துவிடும்.

உங்கள் கணக்கரும் டேலி ஆள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவர் ‘முழுங்கிடுச்சு’ என்று சொல்வதை நான் நம்புகிறேன். தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். டேலியே தெரியாத புதுப் பையனுக்கு இந்தத் தப்பு வராது. பழைய திறமை கைக்குள் ஆழமாக இறங்கியிருப்பவருக்குத்தான் வரும். அந்த மில் கணக்கருக்கு என்ன செய்தோம் தெரியுமா? எஃப்5 கீயின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரே வாரத்தில் காணாமல் போவது நின்றது. சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்டால் அந்தப் பக்கங்களில் எஃப்5-ஐயும் என்ட்டரையும் முடக்கியும் தருவார்கள். முதல் வேலையாக அதைக் கேளுங்கள்.

கூடவே அவருடைய கண்ணாடியையும் கவனியுங்கள். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவது. பைஃபோகல் கண்ணாடியில் கிட்டத்தில் படிக்கும் பகுதி கீழே இருக்கும். அதுவும் கையில் பிடித்த பேப்பர் தூரத்துக்கு அளந்தது. மானிட்டர் இருப்பதோ அதைவிடத் தள்ளி, கண்ணுக்கு நேராக. பல ஆபீஸ்களில் அதை ஏ4 பேப்பர் கட்டு இரண்டின் மேல் தூக்கி வேறு வைத்திருப்பார்கள். அதைப் படிக்க அவர் மோவாயை மேலே தூக்கித் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். எழுந்து போவார். ‘ஆர்வமில்லை’ என்று நீங்கள் நினைப்பீர்கள். பேப்பர் கட்டை எடுத்து மானிட்டரைத் தாழ்த்துங்கள், கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்துத் தட்டி எழுத்தைப் பெரிதாக்குங்கள், மூன்று பேருக்கும் கண் பரிசோதனை செய்து மானிட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் செலவில் இது டீச் செலவுகூட இல்லை.

அந்த நோட்டைத் திறந்து பார்த்தீர்களா?

ஸ்டோர்க்காரர் நோட்டை விடவில்லை என்று கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அதில் என்ன எழுதுகிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான் பார்த்த ஸ்டோர் நோட்டுகளில் ரோல் நம்பர், எடை, டயா (துணியின் அகலம்), ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எல்லாம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பென்சிலில் ‘இந்த லாட் ஒரு சாயல் வெளுப்பு’, ‘ஓரம் சுருளுது’, ‘இதை அந்த லாட்டோட சேக்க வேண்டாம்’ என்று நாலு வார்த்தை இருக்கும். சாயப்பட்டறையிலிருந்து ஒரே நிறத்துக்கு இரண்டு லாட் வந்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. கலந்து வெட்டினால் உடம்பு ஒரு சாயல், கை ஒரு சாயல் என்று பீஸ் வரும். பையர் ஒதுக்கிவிடுவார். அந்த நாலு வார்த்தைதான் இத்தனை வருடம் உங்கள் ஷிப்மென்ட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

உங்கள் புது சாஃப்ட்வேரில் அதற்குக் கட்டம் இருக்கிறதா? சாயங்காலம் டைப் அடிக்கும் பையன் அந்தப் பென்சில் வரியை எங்கே போடுகிறான்? பெரும்பாலும் விட்டுவிடுவான். அப்படியானால் நோட்டை விடாத மனிதர் முரண்டு பிடிக்கவில்லை. தன் வேலையின் பாதிக்குத் திரையில் இடமில்லை என்பதை, அதை வார்த்தையில் சொல்லத் தெரியாமல், நோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதன் மூலம் சொல்கிறார். ‘ஷேடு குறிப்பு’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள், தமிழிலேயே எழுதும்படி. ரோலுக்கு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் செய்ய வைத்தால் டைப் அடிக்கும் வேலை முக்கால்வாசி குறைந்துவிடும். குறிப்பை அவர் போனில் பேசியே தமிழ் எழுத்தாக மாற்றலாம். பேரப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பும் மனிதருக்கு இது பெரிய வித்தையில்லை.

அக்காவின் ‘நாளைக்கு’

டெஸ்பாட்ச் அக்கா டைப்ரைட்டிங் படித்தவரா என்று கேளுங்கள். அவர் வயதுப் பெண்கள் பிளஸ் டூ முடித்ததும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் முடிப்பது நம் ஊரில் வழக்கமாக இருந்தது. ஆங்கில ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை. அப்படியிருந்தால் உங்கள் மெர்ச்சண்டைசர் பிள்ளைகளில் பாதிப் பேரைவிட அவர் வேகமாக அடிப்பார். அவருக்குப் பயம் கீபோர்டு அல்ல. பேக்கிங் லிஸ்ட்டில் ஓர் அட்டைப்பெட்டி எண்ணிக்கை தப்பினால் துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் பிரிண்ட் எடுத்து, பேனாவால் டிக் அடித்து, இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பார். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் போய்விடுகிறது. சரிபார்க்கும் அந்த இடைவெளி பறிபோனதுதான் அவரைத் தயங்க வைக்கிறது. ‘சேமி’, ‘அனுப்பு’ இரண்டும் தனித்தனியாக இருக்கும்படி செய்து, அனுப்புவதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுக்க அனுமதியுங்கள். காகிதம் கொஞ்சம் செலவாகட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது முறையாக “இதை எப்படிப் பண்றது கண்ணு?” என்று மகள் வயதுப் பெண்ணிடம் கேட்கும்போது, பக்கத்து மேஜையில் ஒரு சிரிப்பு எழுந்தால், நாலாவது முறை அவர் கேட்க மாட்டார். வயதானவர்களுக்கு இது வராது என்று சுற்றி இருப்பவர்கள் நினைக்கிறார்கள் என்ற உணர்வு இருந்தாலே அவர்கள் செய்யும் வேலையின் தரம் இறங்கும் என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். ‘நாளைக்கு’ என்பதற்கு ‘இவங்க முன்னாடி வேண்டாம்’ என்று அர்த்தம் என எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பவர்களைக் கூப்பிட்டு நீங்களே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹெச்.ஆர். மூலமாகச் சொன்னால் அது இன்னொரு சிரிப்பாகப் போய்விடும்.

இனி என்ன செய்யலாம்

*ஹாலை விட்டு மேஜைக்கு.* ஆளுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் காலையில் நாற்பது நிமிடம், மூன்று வாரம். அன்றைய நிஜ பில்லை வைத்துத்தான் பழக வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரே வேலை: கணக்கருக்கு முதல் வாரம் பேமென்ட் மட்டும், இரண்டாம் வாரம் பர்ச்சேஸ். நேற்றுச் செய்ததை இன்று முதல் பத்து நிமிடம் அவராகவே செய்து காட்டிவிட்டுப் புதியதுக்குப் போகட்டும். சொல்லித்தருபவருக்கு ஒரே விதி: மவுஸைத் தொடக் கூடாது. “இப்படித் தள்ளுங்க” என்று பிடுங்கி டக் டக்கென்று நாலு கிளிக் செய்து காட்டுவதில் கற்பவருக்கு ஒன்றும் ஏறாது.

*தப்பு செய்ய ஓர் இடம்.* சாஃப்ட்வேர் கம்பெனியிடம் பயிற்சிக்கென்று ஒரு நகல் கேளுங்கள். அதில் எதை அழித்தாலும் நிஜக் கணக்கு அசையக் கூடாது. உங்கள் அக்காவுக்கு வேறு எதையும்விட இதுதான் தேவை.

*அவர்கள் கையெழுத்தில் குறிப்பு.* நூறு பக்க ஆங்கில மேனுவலை யாரும் திறக்கப் போவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஆறேழு படிகளை அவர்களே தமிழில் ஓர் அட்டையில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுதும்போதுதான் மனதில் பதியும். கூடவே திரையில் செய்வதை இரண்டு நிமிட வீடியோவாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டில் ஆளில்லாதபோது பத்து முறை பார்த்துக்கொள்வார்கள்.

*நோட்டுக்கு ஒரு கடைசித் தேதி.* இதில் நீங்கள் இளகக் கூடாது. நோட்டும் சாஃப்ட்வேரும் சேர்ந்தே ஓடினால் அவர்களுக்கு இரட்டை வேலை, உங்களுக்கு இரண்டு விதமான கணக்கு. ஆறு வாரம் சேர்ந்து ஓடட்டும். அதற்கப்புறம் நோட்டு அலமாரிக்குப் போகும் என்று முதல் நாளே தேதியைச் சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். கணக்கு முடிக்கும் நேரத்தில் எந்தக் கணக்கருக்கும் புதுசு ஏறாது, வயது 25 ஆனாலும்.

*கொடுக்கல் வாங்கல்.* சிரிக்காத, பொறுமையான ஒரு மெர்ச்சண்டைசரை ஸ்டோர்க்காரரோடு சேர்த்துவிடுங்கள். அவர் இவரிடம் துணியைத் தொட்டுப் பார்த்து ஜி.எஸ்.எம். சொல்லக் கற்கட்டும், இவர் அவரிடம் ஸ்கேனர் பிடிக்கக் கற்கட்டும். இருவரும் இருவருக்கும் வாத்தியார் என்று ஆகிவிட்டால் கேள்வி கேட்கும் கூச்சம் போய்விடும்.

அந்த ராஜினாமா யோசனை

இங்கே கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்களும் எதையும் செய்வதற்கு முன் அப்படி ஒருவரிடம் ஆவணங்களோடு போய்க் கேளுங்கள்.

ராஜினாமா எழுதி வாங்கினால் சிக்கல் வராது என்பது தவறு. நெருக்கடி கொடுத்து வாங்கிய ராஜினாமாவை, தானாக விரும்பிக் கொடுத்ததாகச் சட்டம் பார்க்காது. கேள்விக்கு வந்தால் அது பணிநீக்கம் என்றே ஆகலாம். ஒரே நாளில், ஒரே வாசகத்தில், நீளமான சேவை உள்ள மூன்று பேர் எழுதிய கடிதங்களைப் பார்க்கும் எவருக்கும் என்ன நடந்தது என்று புரியும். தனியார் துறையில் வயதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று பொதுவான தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லைதான். அதனால் அவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல், 1947-ஆம் வருடத்துத் தொழிற்தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. எழுத்தர் வேலை செய்பவரும் அதன்படி தொழிலாளிதான். மாதம் 18,000 ரூபாய் என்ற சம்பள வரம்பு மேற்பார்வை வேலை செய்பவருக்கு மட்டும்தான். விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று போட்டிருப்பது செல்லாது. என்ன வேலை செய்தார் என்றுதான் பார்ப்பார்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அரசுக்குத் தகவல், எல்லாம் உண்டு. கணக்கருக்கு மட்டும் 28 வருடத்துக்கு 420 நாள் சம்பளம் ஆகிறது. கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. மூத்தவரை அனுப்பினால் காரணத்தை எழுத்தில் பதிந்தாக வேண்டும். ஒரு வருடத்துக்குள் அந்த வேலைக்கு ஆள் எடுத்தால், அனுப்பியவருக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும். மறுதிறன் பயிற்சி நிதிக்கென்று இன்னும் 15 நாள் சம்பளம் நீங்கள் கட்ட வேண்டும். ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பும் தேவைப்படும். 300 பேருக்குக் கீழ் என்பதால் உங்களுக்கு அரசின் முன் அனுமதி மட்டும் வேண்டியதில்லை.

அந்த ஆலோசகர் சொன்ன ‘ஆளுக்கு ஒரு தொகை’க்கு வருவோம். ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அவர்கள் சொத்து. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 28 வருடத்தால் பெருக்க, 4 லட்சத்து 84 ஆயிரத்துச் சொச்சம். புதிய சட்டங்களில் ஊதியம் என்பதன் வரையறை மாறி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியத்தோடு சேரும் என்றாகியிருப்பதால் இன்னும் கூடவும் செய்யலாம். இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய மனது பண்ணியதாக நினைக்காதீர்கள். அது ஏற்கெனவே அவர் சம்பாதித்தது.

அவர்கள் பக்கத்து இழப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில்தான் முழுதாகக் கிடைக்கும். 50-க்கு மேல் முன்கூட்டி வாங்கலாம், ஆனால் முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 52 வயது அக்காவுக்கு அது ஆறு வருட வெட்டு. இந்த வயதில் இன்னொரு கம்பெனியில் அவர் போய் நின்றால் முதல் கேள்வியே ‘என்ன சாஃப்ட்வேர் தெரியும்?’ என்பதாகத்தான் இருக்கும்.

மூன்று மாதம் கழித்தும் வரவில்லை என்றால்

அதற்கும் தயாராக இருங்கள். எல்லோரும் எல்லாத் திரையையும் கற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கணக்கர் என்ட்ரி போடுவதை விட்டு, மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் வேலைக்கு வரலாம். ஜாப் ஒர்க் பில்லில் ஒரு கிலோ துணி கூடக் காட்டியிருந்தால் அவர் கண்ணுக்குத்தான் தப்பாது. சம்பளத்தையும் நாற்காலியையும் குறைக்காமல், அவரோடு பேசி, எழுத்தில் மாற்றுங்கள். அவராகவே போக விரும்பினால், பணம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காகிதத்தில் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு வர ஒரு மாத அவகாசம் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். யாராவது புதிய திரையில் மட்டுமில்லாமல், வருடக்கணக்காகப் பழகிய வேலையிலும் தடுமாறினால், பார்ட்டி பெயரை மறந்தால், கூட்டல் தப்பினால், அது சாஃப்ட்வேர் சமாச்சாரம் இல்லை. தைராய்டு, பி12 குறைபாடு, சர்க்கரை, மன அழுத்தம் என்று சிகிச்சை உள்ள காரணங்கள் எத்தனையோ உண்டு. வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

திங்கட்கிழமை காலை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கணக்கர் வருவதற்கு முன் அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். அவர் வந்ததும், “என்ட்ரி எங்க போகுதுன்னு நானும் பாக்கறேங்க, நீங்க பாட்டுக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் இடது கையைப் பாருங்கள். ராத்திரி அப்பா கேட்கும்போது, பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.